காசு கொடுத்து ஆள் எடுப்பது தப்பா? (அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்)

2025 ஆகஸ்ட் 30, ஹூஸ்டன் வாசகர் கேட்டது

அண்ணா, என் அக்கா மகன் இங்கே பதினோராம் வகுப்பு. பள்ளி ஃபுட்பால் அணியில் கிக்கர். நன்றாக உதைக்கிறான். செப்டம்பர் 1 முதல் கல்லூரி கோச்சுகள் அவனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாமாம், வீடே காத்திருக்கிறது. எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. முன்பு ஆட்டக்காரனுக்குத் திருட்டுத்தனமாகக் காசு கொடுத்த கல்லூரிகளைத் தண்டித்தார்கள். இப்போது அதே காசைக் காசோலையாகக் கொடுக்கிறார்கள், கேட்பாரில்லை. சட்டம் மாறினால் தப்பு சரியாகிவிடுமா? 17 வயதுப் பையனைக் காசு காட்டி இழுப்பது ஊழல், இதுதான் என் கட்சி. நீங்கள் டல்லஸ் பக்கம் இருபத்தைந்து வருஷமாக இருப்பவர். என்ன சொல்கிறீர்கள்?

2025 ஆகஸ்ட் 31

தம்பி, உன் கட்சியில்தான் நானும் ரொம்ப நாள் இருந்தேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வது, அவ்வளவுதான். பிறகு பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை இரவுகள் எங்களுக்கும் மைதானத்தில் கழிந்தன. பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் மைதானத்தை 2012இல் திறந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு! டெக்சாஸில் இது ஊர்த் திருவிழா. நன்றாக ஆடுகிற பையன் ஊருக்கே செல்லப்பிள்ளை. அவனைத் தேடித்தான் கோச்சுகள் வருகிறார்கள்.

என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் எஸ்.எம்.யூ., அதாவது சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். நீ சொல்கிற திருட்டுக் காசுக் கதைக்கு அதுதான் தலைநகரம். 1980களின் தொடக்கத்தில் அந்த அணி நாட்டிலேயே முதல் வரிசையில் இருந்தது. டல்லஸில் எண்ணெய்ப் பணமும் ரியல் எஸ்டேட் பணமும் புரண்ட காலம். அணிக்கு வாரி வழங்கும் பணக்கார ரசிகர்களை இங்கே பூஸ்டர் என்பார்கள். அவர்கள் ரகசிய நிதி ஒன்றை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களுக்கு மாதாமாதம் படியளந்தார்கள். லட்சக்கணக்கில். 1985இல் ஒருமுறை தண்டனை வாங்கியும் நிறுத்தவில்லை. கடைசியில் 1987 பிப்ரவரி 25 அன்று, கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அந்த ஆண்டு ஆட்டம் முழுவதையும் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு ஆடுவதற்கு அணியே தேறாது என்று பல்கலைக்கழகம் 1988ஐயும் கைவிட்டது. 'மரண தண்டனை' என்றே அதற்குப் பெயர். பருவக் கடைசியில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் சிறப்பு ஆட்டத்தைப் பௌல் என்பார்கள். அதன் பிறகு எஸ்.எம்.யூ. ஒரு பௌல் ஆட்டத்தில் கால் வைக்க 2009 ஆனது.

நீ சொல்கிற மாற்றம் 2021இல் வந்தது. ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், ஆட்டக்காரன் தன் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரக் காசு வாங்கலாம் என்றார்கள். இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். இந்த ஜூன் 6 அன்று ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். இனிக் கல்லூரியே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை.

எனக்கும் உறுத்துகிறது. படிக்கிற பையன் கையில் இவ்வளவு பணம் நல்லதில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் தப்பு எங்கே இருக்கிறது என்று நீ சுட்டுகிற இடம் சரிதானா என்பதில்தான் சந்தேகம். யோசித்து எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 31, இரவு

மேலே 'லட்சக்கணக்கில்' என்று எழுதியது தப்பு. பழைய செய்திகளைத் திரும்பப் படித்தேன். 1985-86இல் என்.சி.ஏ.ஏ. கண்டுபிடித்தது 13 ஆட்டக்காரர்கள், மொத்தம் 61,000 டாலர் அளவு. ஆளுக்கு மாதம் 50 டாலரில் இருந்து 725 டாலர் வரை. ஒரு பல்கலைக்கழகத்தின் அணியையே இரண்டு வருஷம் இல்லாமல் செய்த தொகை இவ்வளவுதான். இன்று ஒரு நல்ல ஆட்டக்காரனுக்கு ஒரு மாதத்திலேயே அதைத் தாண்டிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தப் பணம் தொடர்ந்ததற்குப் பின்னால் இருந்தவர் பில் கிளெமென்ட்ஸ். இரண்டாம் முறை டெக்சாஸ் ஆளுநராக வந்த கையோடு, 1987 மார்ச்சில், அவரே ஒப்புக்கொண்டார். இடையில் அவர் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தார். சில பையன்களிடம் காசு தருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது, அவர்கள் படித்து வெளியேறும்வரை கொடுத்து முடித்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்களாம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! சொல்லவே கூடாத சொல், ஆனாலும் காப்பாற்றினார்கள். இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. காரணம் நாளைக்கு.

2025 செப்டம்பர் 3

நாளைக்கு என்றது மூன்று நாளாகிவிட்டது. முதலில் காசைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறேன்.

காசு கைமாறுவது தப்பு என்றால் யார் கைக்கு மாறியது என்றும் பார்க்க வேண்டும். மெம்பிஸ் நகரத்தில் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஆல்பர்ட் மீன்ஸ் என்று ஒரு பையன். எல்லாக் கல்லூரியும் அவன் பின்னால் நின்றது. அலபாமாவின் பூஸ்டரான லோகன் யங் என்பவர் 150,000 டாலர் கொடுத்தார். யாருக்கு? பையனின் பள்ளிக் கோச்சுக்கு. பையனை அலபாமா பக்கம் திருப்பிவிட. அந்த வழக்கில் 2005இல் யங் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதற்கு முன்பே, 2002இல், அலபாமாவுக்கு இரண்டு வருஷம் பௌல் ஆட்டத் தடை விழுந்தது. பையன் அலபாமாவை விட்டு ஊருக்கே திரும்பி மெம்பிஸ் கல்லூரியில் ஆடினான்.

சந்தையில் மாட்டை விற்கும்போது தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலால் விலை பேசுவார்களே, அதேதான். துண்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது மாட்டுக்குத் தெரியாது.

அதனால் தம்பி, காசு பையன் கைக்கே நேராகப் போகிற இன்றைய ஏற்பாட்டைப் பழையதைவிடக் கேவலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகஸ்ட் 31இல் நான் எழுதிய 'நல்லதில்லை' என்பதைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

2025 செப்டம்பர் 6

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பக்கத்து வீட்டுப் பையனின் கதை. கல்லூரியின் பெயர் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

அவனும் என் மகனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தார்கள். அம்மா லூயிசியானாக்காரர், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். அப்பா இல்லை. காலையில் அவர் திரும்பி வருவதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிடும் என்பதால் இரண்டு பையன்களையும் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். பத்தாம் வகுப்பில் அவன் லைன்பேக்கர், எதிரணியை மோதித் தடுக்கும் ஆட்டக்காரன். வளர்ந்து நின்றால் எங்கள் வாசற்கதவு நிறைந்துவிடும். என் மனைவி தோசை வார்த்தால் பதினான்கில் நிறுத்துவான், அதுவும் மரியாதைக்காக.

கல்லூரிகளிலிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. அவன் அம்மா எல்லாவற்றையும் வந்த தேதிப்படி ஷூ டப்பாவில் அடுக்குவார். இரண்டு டப்பா நிறைந்தது. பாதிக்கு மேல் அச்சடித்தவை. ஆனால் ஒரு கல்லூரியின் துணைக் கோச் மட்டும் கையால் எழுதுவார், நீல மசியில். 2013 ஜூனில் அந்தக் கல்லூரியின் முகாமுக்குப் போன இடத்தில் ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுத்தார்கள், அவனும் அங்கேயே 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டான். இதை வாய்வழிக் கமிட் என்பார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. கையெழுத்துப் போடும் நாள் அடுத்த பிப்ரவரி முதல் புதன்கிழமை. நடுவில் எட்டு மாதம்.

நவம்பரில் பக்கத்து மாநிலத்துச் சிறிய கல்லூரி ஒன்று அவனை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னது. செலவு அவர்களுடையது. அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "நீங்கள் ஆபீசில் ஒப்பந்தம் எல்லாம் படிக்கிறவர். போகலாமா?"

நான் சொன்னேன், போக வேண்டாம் என்று. ஒரு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு வாசலில் போய் நிற்பது மரியாதை இல்லை, நாம் ஒழுங்காக இருந்தால் அவர்களும் ஒழுங்காக இருப்பார்கள் என்றேன். எங்கள் அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே அந்தப் பையனுக்குச் சொன்னேன். அவன் தலையாட்டினான். போகவில்லை.

டிசம்பர் முதல் வாரம் அந்தத் துணைக் கோச் வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன். அந்த அம்மா இரவுப் பணியை மாற்றிக்கொண்டு, இறால் போட்டு கம்போ குழம்பு வைத்திருந்தார். கோச் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார், சோறு கேட்டு வாங்கினார். குளிர்பதனப் பெட்டிக் கதவில் பையனின் சின்ன வயதுப் படம் ஒன்று காந்தத்தில் தொங்கியது, முன்பல் இரண்டும் இல்லாமல். அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பையன் பட்டம் வாங்கும் அன்று நான் முன்வரிசையில் இருப்பேன், அம்மா" என்றார். அந்த அம்மா திரும்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

கையெழுத்து நாளுக்கு மூன்று வாரம் முன்னால் போன் வந்தது. இடம் நிறைந்துவிட்டது, இவன் 'கிரேஷர்ட்' ஆக வரலாம் என்று. அதாவது ஆகஸ்டில் சேர முடியாது, அரை வருஷம் சொந்தச் செலவில் இருந்துவிட்டு ஜனவரியில் வா, அப்போது இடம் இருந்தால் ஸ்காலர்ஷிப். நவம்பரில் கூப்பிட்ட சிறிய கல்லூரிக்குப் பேசினோம். அவர்கள் அந்த இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்து ஒரு மாதமாகிவிட்டது.

கையெழுத்து நாள் 2014 பிப்ரவரி 5. பள்ளி ஜிம்மில் மேசை போட்டு, தொப்பிகள் அடுக்கி, பெற்றோர்கள் படம் எடுக்கும் நாள். இவன் அன்று வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அந்தப் பெரிய கல்லூரியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது, அச்சடித்தது. 'எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்.' பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மறந்திருக்கிறார்கள். அந்த அம்மா அதையும் டப்பாவில் தேதிப்படி வைத்தார்.

2025 செப்டம்பர் 7

"எழுத்தில் கையெழுத்து ஆகிவிட்டால் பாதுகாப்புதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாதிதான். 1964இல் தொடங்கிய 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற காகிதத்தில் பையன் போடும் கையெழுத்து கல்லூரிக்கானது. அவனை அழைத்து வந்த கோச் மறுநாளே வேறு ஊருக்குப் போனாலும் பையன் போக முடியாது, போனால் ஆடும் காலத்தில் ஒரு வருஷத்தை இழக்க வேண்டியிருந்தது. கோச்சுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. ஸ்காலர்ஷிப்போ வருஷா வருஷம் புதுப்பிப்பது. பல ஆண்டுக்கு எழுதிக் கொடுக்க 2012 வரை விதியே இடம் தரவில்லை. அந்தக் காகிதத்தை 2024 அக்டோபரில்தான் ஒழித்தார்கள்.

கையெழுத்து வாங்கிய பிறகும் கழித்துக் கட்டியது உண்டு. அப்போது ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்க்க முடிந்தது 25 பேர். 2009இல் ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகம், 37 பேரிடம் கையெழுத்து வாங்கியது. மதிப்பெண் போதாமல் சிலர் எப்படியும் உதிர்வார்கள் என்பது கணக்கு. உதிராவிட்டால் யாரையாவது உதிர்க்க வேண்டும். அதைப் பார்த்து, அந்தக் கல்லூரி ஆடும் எஸ்.இ.சி. என்ற கல்லூரிக் கூட்டமைப்பு அதே ஆண்டு 28 என்று வரம்பு வைத்தது. 25 இடத்துக்கு 28! மூன்று பையன்களை அந்தரத்தில் தொங்கவிட விதியே அனுமதித்தது.

2025 செப்டம்பர் 14

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மாணவ ஆட்டக்காரர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1955இல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரியின் ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் இறந்த தொழிலாளிக்குத் தரும் இழப்பீட்டைக் கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ.வின் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸ் இந்தச் சொல்லை எல்லா ஆவணங்களிலும் புகுத்தினார். ஆடுபவர் தொழிலாளி ஆகிவிடக் கூடாது என்பதற்காக. 1951 முதல் 1987 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவரே இந்த அமைப்பு பிள்ளைகளுக்கு நியாயமில்லை என்று எழுதினார்.

விதிகள் எவ்வளவு நுணுக்கமாக இருந்தன என்பதற்கு ஒன்று. ஆட்டக்காரனுக்குக் கல்லூரி பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதன்மேல் வெண்ணெயோ க்ரீம் சீஸோ தடவிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. தடவினால் அது சாப்பாடு ஆகிவிடுமாம். 2014 ஏப்ரலில் கனெக்டிகட்டின் கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுத்ததுண்டு என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் அந்த மாதமே சாப்பாட்டு வரம்பை எடுத்தார்கள். பையனுக்குக் கொடுக்கும் ரொட்டியில் வெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க விதி இருந்தது. பையனின் அம்மாவிடம் கோச் சொன்னது பொய்யா மெய்யா என்று பார்க்க எந்த விதியும் இல்லை. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

2025 அக்டோபர் 28

தீபாவளி வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் எவ்வளவோ நடந்துவிட்டது. இந்த மாதம் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் தலைமைக் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை நீக்கியது. நேற்று முன்தினம் எல்.எஸ்.யூ., அதாவது லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், தன் தலைமைக் கோச் பிரையன் கெல்லியை நீக்கியது. கெல்லிக்கு இன்னும் சேர வேண்டிய தொகை 5 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது 7 கோடியே 50 லட்சத்துக்கும் மேல்.

கோச்சிடம் சொன்ன சொல்லுக்குக் காகிதம் இருக்கிறது, தம்பி. வேலை போனாலும் காசு வீடு தேடி வரும். அவர்களை நம்பி 'வருகிறேன்' என்று சொன்ன பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சமையலறைதான் நினைவுக்கு வருகிறது.

2025 நவம்பர் 2

நான் செப்டம்பர் 6 அன்று எழுதியதை என் மகன் அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்கிறான். நேற்று அவனே போன் செய்தான். அவனுக்கு இப்போது 29 வயது. ஒரு டிவிஷன் 2, அதாவது இரண்டாம் அடுக்குக் கல்லூரியில் பாதி ஸ்காலர்ஷிப்பில் படித்தான், மீதிக்குக் கடன். அம்மாவும் சேர்ந்து அடைத்தார். இப்போது பள்ளியில் வரலாறு நடத்துகிறான், மாலையில் ஃபுட்பால் கோச்.

முதலில் என்னைத் திருத்தினான். மூன்று வாரம் இல்லை அங்கிள், பதினாறு நாள். ஜனவரி 20, மார்ட்டின் லூதர் கிங் தினம், பள்ளி விடுமுறை. உங்கள் வீட்டுக் கூரைத் தகரத்தில் இலை அள்ளிக்கொண்டிருந்தேன், ஏணியில் நின்றபடிதான் போனை எடுத்தேன் என்றான். ஏணி என்னுடையது. எனக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது.

இரண்டாவது, அந்தத் துணைக் கோச் பொய் சொல்லவில்லை என்றான். அன்று இரவே அவர் தனியாகக் கூப்பிட்டாராம். குரல் உடைந்து பேசினாராம். தலைமைக் கோச் வேறு மாநிலத்திலிருந்து அதே இடத்துக்கு இன்னொருவனைப் பிடித்துவிட்டார், இவர் சொல் எடுபடவில்லை. அடுத்த வருஷம் அவருக்கே அங்கே வேலை இல்லை. "அம்மா வீட்டில் சாப்பிட்டபோது அவர் சொன்னது அவருக்கு நிஜம்தான்" என்றான்.

பதினோரு வருஷமாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆள் அவர். செப்டம்பர் 14இல் 'பொய்யா மெய்யா' என்று எழுதினேனே, அதையும் திருத்த வேண்டும். மெய்யாகவே சொல்லியிருந்தாலும் அதை நிறைவேற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர் அந்தச் சமையலறைக்கு வரவே இல்லை.

கடைசியாக நான் கேட்டேன். நவம்பரில் அந்தச் சின்னக் கல்லூரிக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னது தப்புதானே என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஆமாம் அங்கிள். போயிருக்க வேண்டும்" என்றான். பிறகு என் மனைவி எப்படி இருக்கிறாள், முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு வைத்தான்.

2025 நவம்பர் 16

கொலம்பஸிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "பையன்கள் மட்டும் வாக்கைக் காப்பாற்றுகிறார்களா? டிசம்பருக்குள் மூன்று கல்லூரிக்குத் தாவுகிறார்கள். டென்னசியின் ஆட்டக்காரர் நிக்கோ இயாமலியாவா இந்த ஏப்ரலில் பயிற்சிக்கு வராமல் போய் யூ.சி.எல்.ஏ.வில் சேர்ந்தார். கூடுதல் தொகை பேசியதாகச் செய்தி வந்ததே."

உண்மைதான். நான் மறுக்கவில்லை. கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது, 2024இலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். அணி வைத்து நடத்துபவர்களுக்கு இது தலைவலி. ஆனால் அவர்கள் யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று பாருங்கள். 2021 நவம்பர் கடைசியில் கெல்லி எல்.எஸ்.யூ.வுக்குப் போனபோது அவருடைய நோட்டர் டேம் அணிக்கு சாம்பியன்ஷிப் வாய்ப்பு இன்னும் இருந்தது.

காசு வெளிப்படையான பிறகும் சொல் சொல்லாகவே இருக்கிறது, அதுதான் என் கவலை. கலிஃபோர்னியாப் பையன் ஜேடன் ரஷாடா ஃப்ளோரிடாவுக்கு வர 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் என்று பேசப்பட்டது. 2022 டிசம்பரில் கையெழுத்துப் போட்டார். பணம் வரவில்லை. ஜனவரியில் விடுவித்துக்கொண்டு அரிசோனா ஸ்டேட் போனார், 2024 மே மாதம் கோச் மீதும் பூஸ்டர் மீதும் வழக்குப் போட்டார். அதே 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் உள்ள யூ.என்.எல்.வி. பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (அணியின் ஆட்டத்தை நடத்தும் முக்கிய ஆட்டக்காரர்) மேத்யூ ஸ்லூக்கா, மூன்று ஆட்டமும் ஜெயித்த நிலையில் அணியை விட்டு விலகினார். ஒரு துணைக் கோச் வாயால் சொன்ன 100,000 டாலர் வரவில்லை என்பது அவர் தரப்பு. அப்படி முறையான ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பது கல்லூரித் தரப்பு.

மறுபடியும் ஒரு துணைக் கோச், மறுபடியும் வாய் வார்த்தை. பக்கத்து வீட்டில் அன்று ஸ்காலர்ஷிப், லாஸ் வேகஸில் பணம்.

தம்பி, ஆகஸ்ட் 30இல் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முடியும். காசு கொடுப்பது தப்பில்லை. அவனை வைத்துத்தான் மைதானம் நிறைகிறது, அவனுக்கு அதில் பங்கு உண்டு. பெரியவர்கள் ஒரு பையனிடம் வாக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு தங்கள் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்களே, அது தப்பு. அவன் மற்ற கதவுகளை எல்லாம் சாத்தச் சாத்த அவர்கள் வேறு பையன்களைத் தேடுகிறார்கள். அவன் ஒழுங்கானவனாக இருக்க இருக்க அவனுக்குத்தான் சேதம்.

2025 டிசம்பர் 1

நேற்று தலைமைக் கோச் லேன் கிஃபின் ஓல் மிஸ்ஸை விட்டு எல்.எஸ்.யூ.வுக்குப் போய்விட்டார். ஓல் மிஸ் 11 வெற்றி, 1 தோல்வி; சாம்பியன்ஷிப்புக்கான ப்ளேஆஃப் ஆட வேண்டிய நேரம்.

2010 ஜனவரியில் டென்னசியில் ஒரே ஒரு பருவம் முடித்துவிட்டு யூ.எஸ்.சி.க்கு, அதாவது தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர் இவர்தான். போன அடுத்த மாதமே டெலாவேரில் 13 வயதுப் பையன் டேவிட் சில்ஸுக்கு ஆஃபர் கொடுத்தார். ஏழாம் வகுப்பு! பையனும் சரி என்றான். அவன் கல்லூரிக்குப் போகும் வயது வருவதற்குள், 2013இல், யூ.எஸ்.சி. கிஃபினையே நீக்கிவிட்டது. சில்ஸ் மேற்கு வர்ஜீனியாவில் ஆடி என்.எஃப்.எல். வரை போனார், நல்லது. 13 வயதில் என் மகன் சைக்கிள் பூட்டின் சாவியை வாரம் ஒன்று தொலைத்துக்கொண்டிருந்தான்.

2025 டிசம்பர் 4

நேற்று முன்கூட்டிக் கையெழுத்திடும் நாள். பக்கத்து வீட்டுப் பையன், இல்லை, கோச், அவன் பள்ளியிலிருந்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டதாகப் படம் அனுப்பினான். மேசை, தொப்பி, அம்மாக்கள் எல்லாம் இருக்கிறது. அவன் ஓரமாக, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறான். அது என்ன என்று கேட்டேன். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நோட்டு. எந்தக் கல்லூரியிலிருந்து யார் பேசினார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுத வைக்கிறான். ஆஃபர் வந்தால் முதல் கேள்வியாக 'இதை நான் இன்றே ஏற்றுக்கொண்டால் என் இடம் உறுதியா?' என்று மின்னஞ்சலில் கேட்க வைக்கிறான். தலைமைக் கோச்சுக்கும் ஒரு நகல். பதில் வருகிறவரை எந்தக் கதவையும் சாத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறானாம்.

ஹூஸ்டன் தம்பி, உனக்கு இதை நேற்றே தனியாக எழுதினேன். உன் அக்கா மகனுக்கு ஆஃபர் என்று வந்த அந்த ஒரு கல்லூரிக்கு இதே கேள்வியை அனுப்பச் சொன்னேன். இன்று காலை நீ போட்ட பதிலைப் பார்த்தேன்: தலைமைக் கோச்சே எழுதியிருக்கிறார், 'இப்போதைக்கு உறுதி இல்லை, எங்களிடம் உனக்கு முன்னால் இன்னும் இரண்டு கிக்கர்கள் இருக்கிறார்கள்' என்று. அக்கா அழுதார்கள் என்று எழுதியிருக்கிறாய்.

அழட்டும், ஆனால் அந்த மின்னஞ்சலை அழிக்க வேண்டாம். அந்தக் கோச்சுக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதச் சொல், நிஜமாகவே நன்றிக்குரியவர். பிறகு கூப்பிட்டிருக்கும் மற்ற இரண்டு கல்லூரிக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். டல்லஸ் வழியாகப் போவதாக இருந்தால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.